மஞ்சள் கட்டங்கள்

செவ்வாய்க்கிழமை மூன்றே முக்கால் மணிக்கு அவள் ஒரு தம்ளர் வெந்நீர் குடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, யாருமில்லாத அறையில் "ஹலோ" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். குரல் கரகரத்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பியுடன் பேசியதுதான் கடைசி. அதுவும் நாலு நிமிஷம். அதில் ஒரு நிமிஷம் அவன் வேறு யாரிடமோ கார் சாவி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு இரண்டு நாளாக அவள் வாயைத் திறந்தது பல் தேய்க்கவும் சாப்பிடவும் மட்டும்தான். இரண்டாவது முறை "ஹலோ சிஸ்டர்" என்று சொன்னபோது குரல் தெளிந்துவிட்டது. நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நான்கு மணிக்காகக் காத்திருந்தாள்.

வயது நாற்பத்தேழு. இருபத்திரண்டு வருஷம் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவள். கல்லூரி நூலகத்தைக் காலி செய்து தேர்வுக்கூடமாக்கியபோது, அங்கே பழக்கமான டாக்டர் ஒருவர் அவளைத் தன் ஆராய்ச்சிக் குழுவில் சேர்த்துக்கொண்டார். வீட்டிலிருந்தே வேலை. முதல் மாதம் அது பெரிய விடுதலையாகத் தெரிந்தது. பஸ் இல்லை, கூட்டம் இல்லை, யாருக்கும் காலை வணக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆறாவது மாதத்தில் ஒருநாள், குழாய் ரிப்பேருக்கு வந்தவர் வேலை முடித்துக் கிளம்பும்போது, சரியாகிவிட்ட குழாயைப் பற்றி அவள் இன்னும் இரண்டு கேள்வி கேட்டு அவரை வாசலிலேயே நிறுத்தி வைத்தாள். அவர் போன பிறகுதான் தான் செய்தது என்ன என்று அவளுக்கே உறைத்தது.

ஒரே விஷயத்தைப் பற்றி வெளியான ஆய்வுகளையெல்லாம் தேடிச் சேர்த்து, எதை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட்டு, மொத்தமாக ஒரு முடிவு சொல்வதுதான் அந்தக் குழுவின் வேலை. இந்தத் தடவை எடுத்துக்கொண்டது வயதானவர்கள் கீழே விழாமலிருக்கத் தரும் உடற்பயிற்சிகள். கிடைத்ததில் பெரும்பாலானவை முன்–பின் ஆய்வுகள். பயிற்சிக்கு முன்னால் ஒற்றைக் காலில் எத்தனை வினாடி நிற்கிறார்கள் என்று பார்ப்பார்கள். மூன்று மாதம் பயிற்சி கொடுப்பார்கள். மறுபடியும் நிற்கச் சொல்வார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பயிற்சி பெறாத இன்னொரு கூட்டம் இருக்காது. அதனால் வந்த முன்னேற்றம் பயிற்சியால் வந்ததா, எப்படியும் வந்திருக்குமா என்று அடித்துச் சொல்ல முடியாது. அதற்காக அவற்றைத் தூக்கி எறியவும் முடியாது, கையில் இருப்பதே அவைதான் என்பதால். ஆகவே ஒவ்வோர் ஆய்வையும் பன்னிரண்டு கேள்வி கேட்க வேண்டும். யாரைச் சேர்ப்பது என்று முன்பே தெளிவாகச் சொன்னார்களா, தகுதியுள்ள எல்லாரையும் சேர்த்தார்களா, அளப்பது பயிற்சிக்கு முன்னா பின்னா என்று அளந்தவருக்குத் தெரியாமல் வைத்தார்களா, ஆரம்பித்தவர்களில் ஐந்தில் நாலு பேராவது கடைசிவரை இருந்தார்களா, இப்படி. ஆம், இல்லை, தெரியவில்லை என்று பதில் எழுதி, கடைசியில் நல்லது, சுமார், மோசம் என்று ஒரு முத்திரை குத்த வேண்டும்.

ஒரே ஆள் செய்தால் அவர் மனசாட்சியைத் தவிர வேறு காவல் இருக்காது என்பதால் இரண்டு பேர் தனித்தனியாகச் செய்வார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது. திங்கட்கிழமை மாலை இரண்டு தாள்களும் ஒன்றாகச் சேரும். பதில்கள் ஒத்துப்போகாத கட்டங்கள் மட்டும் மஞ்சளாக மாறும். அந்த மஞ்சள் கட்டங்களைப் பற்றி இருவரும் போனில் பேசி ஒரு முடிவுக்கு வரவேண்டும். செவ்வாய்க்கிழமை நான்கு மணி என்பது அதற்கான நேரம்.

"என்ன லைப்ரரி, இருக்கியா?"

இன்னொரு மதிப்பீட்டாளர், எலும்பு முறிவு வார்டில் முப்பத்தைந்து வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்து நாலு வயது. எங்கோ நாலைந்து மணி நேரப் பயண தூரத்தில், மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் என்று நிறைந்த வீட்டில் இருந்தார். பேசுவதற்கு அமைதியான இடம் வாஷிங் மெஷின் வைத்திருக்கும் மூலை மட்டும்தானாம். அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் பேசுவார். பின்னணியில் எப்போதும் தண்ணீர் சுழலும் சத்தம் கேட்கும். இருவரும் நேரில் பார்த்ததில்லை. பெயரைக் கேட்டுக்கொண்ட இரண்டாவது நிமிஷமே அதை விட்டுவிட்டு அவளை "லைப்ரரி" என்று கூப்பிட ஆரம்பித்தவர் அவர்தான்.

"இருக்கேன் சிஸ்டர்."

"நாலாவது ஆய்வு, ஒம்பதாவது கேள்வி. நீ ஆமாம்னு போட்டிருக்க. நாப்பது பேருல இருபத்தொம்பது பேருதான் கடைசியில நிக்கறாங்க. மிச்சம் பதினோரு பேர் எங்க போனாங்க?"

"காரணம் எழுதியிருக்காங்களே சிஸ்டர். வேற ஊருக்குக் குடிபோயிட்டாங்கன்னு."

"வேற ஊருக்குப் போனா என்ன, மொட்டை மாடிக்குப் போனா என்ன? போனது போனதுதானே. நான் வார்டுல பாக்காததா? கால் வலிக்க ஆரம்பிச்சா எல்லாருக்கும் ஊர் மாறணும்னு தோணும்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த பிறகு அந்தச் சத்தம் அறையில் கொஞ்ச நேரம் நின்றது போல இருந்தது. 'இல்லை' என்று திருத்தினாள். கட்டம் வெள்ளையானது. அடுத்ததற்குப் போனார்கள். இன்னோர் ஆய்வில் பயிற்சியாளர் வாரம் மூன்று தடவை வீடு தேடிப் போயிருந்தார். அதைப் படித்துவிட்டு சிஸ்டர், "பன்னெண்டு வாரம் யாராவது வந்து கையப் புடிச்சு நடத்திவிட்டா என் முழங்காலும்தான் சரியாயிடும். அது பயிற்சியா, ஆள் வந்ததா?" என்றார். அதைப் பற்றியே பத்து நிமிஷம் பேசினார்கள். அன்று ஒரு மணி நேரம் ஐந்து நிமிஷம் ஆயிற்று. போனை வைத்ததும் அவள் சமையலறைக்குப் போய், வழக்கமாக அரை கரண்டி போடும் காப்பித் தூளை முழுக் கரண்டியாகப் போட்டாள்.

அது இருவரும் சேர்ந்து வேலை பார்க்கத் தொடங்கிய காலம். அப்போது வாரத்துக்குப் பதினாறு, பதினேழு மஞ்சள் கட்டங்கள் வரும். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து ஒரே வேலையைச் செய்தால் ஒருவர் கண்ணோட்டம் இன்னொருவருக்குத் தொற்றிக்கொள்ளும். பதினாறு பத்தாயிற்று. பத்து நாலாயிற்று. குழுவில் எல்லாருக்கும் அது சந்தோஷமான சேதி. இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதை ஓர் எண்ணாகக் கணக்கிட்டு டாக்டர் அனுப்புவார். அந்த எண் வாரா வாரம் ஏறிக்கொண்டே போயிற்று. மூன்றாம் மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை தாளைத் திறந்தாள். மேலிருந்து கீழ்வரை ஒரு மஞ்சள்கூட இல்லை. டாக்டரின் மின்னஞ்சல் வந்தது: "பிரமாதம். இந்த வாரம் நீங்கள் இருவரும் பேச வேண்டிய அவசியமே இல்லை."

அந்தச் செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு அவள் நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தாள். எதிர்க் கட்டடத்தில் ஒருத்தர் ஏசியின் வெளிப்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாலே காலுக்கு அவரும் உள்ளே போய்விட்டார். சிஸ்டருக்கு ஒரு போன் போட்டால் என்ன என்று தோன்றியது. எண்ணைக்கூட எடுத்துவிட்டாள். எடுத்ததும் அந்தப் பக்கம் "என்ன விஷயம்?" என்று கேட்பார், கேட்டால் என்ன சொல்வது? சும்மாதான் என்று சொல்லலாம். சும்மா பேசுகிற அளவுக்கு அவர்கள் பழகியிருக்கிறார்களா? அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை, தெரியவில்லை என்று எந்தப் பதிலையும் அவளால் போட முடியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் கடையில் "போதும், பை வேண்டாம்" என்று சொன்னதுதான் அந்த வாரத்தின் முதல் பேச்சு.

அடுத்த வாரம் எட்டு ஆய்வுகள் வந்தன. ஆறாவதில் ஐம்பது பேர் தொடங்கி நாற்பத்தெட்டுப் பேர் முடித்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகூட 'ஆம்' என்று எழுதிவிடும். சிஸ்டர் என்ன எழுதுவார் என்பது அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அவள் 'இல்லை' என்று எழுதினாள். பிறகு, ஒன்று மட்டும் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுமே என்று, இரண்டாவது ஆய்விலும் ஏழாவது ஆய்விலும் ஒவ்வொன்றை மாற்றினாள்.

"என்ன லைப்ரரி, கண்ணாடி போடாம படிச்சியா?" என்று ஆரம்பித்தார் சிஸ்டர். வாஷிங் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அவள் கொஞ்சம் வாதாடிவிட்டு விட்டுக்கொடுத்தாள். பேச்சு எங்கெங்கோ போயிற்று. மருமகள் உப்புப் போட மறந்தது, சின்னப் பேத்தி தொலைபேசியைக் கண்டால் விடாமல் பிடுங்குவது, சிஸ்டர் இளவயதில் ஒரு நோயாளியிடம் அடி வாங்கியது. நாற்பது நிமிஷம்.

தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வதில் அவள் தேர்ந்தவளாகிவிட்டாள். கடைசியில் பதிவாவது சரியான விடைதானே? நான்தானே விட்டுக்கொடுக்கிறேன்? ஆய்வுக்கு என்ன நஷ்டம்? எல்லாவற்றையும் மாற்றினால் சந்தேகம் வரும் என்று, வாதாட இடமிருக்கும் கேள்விகளாகப் பார்த்து, வாரம் நாலு, ஐந்து என்று அளவாக வைத்துக்கொண்டாள். ஒரு திருடனுக்குரிய அடக்கத்தோடு செய்தாள். டாக்டர் அனுப்பும் எண் இறங்க ஆரம்பித்தது. "கொஞ்சம் கவனம் தேவை" என்று இருவருக்கும் பொதுவாக ஒரு வரி எழுதியிருந்தார். அந்த வரியை அவள் தனக்கு வந்ததாக மட்டும் எடுத்துக்கொண்டாள். அது இன்னொருவருக்கும் போயிருக்கிறது என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை.

ஏழாவது வாரம் சிஸ்டரின் குரலில் என்னவோ குறைந்தது. வழக்கமான கிண்டல் இல்லை. "இந்த அஞ்சாவது ஆய்வு, அளந்தவங்க விஷயம். நான் ஆமாம்னு போட்டேன். நீ இல்லன்னு போட்டிருக்க" என்று நிறுத்தினார். அவள் தயாராக வைத்திருந்த வாதத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியிலேயே, "சரி, நீ சொன்னா சரியாதான் இருக்கும். இல்லன்னே வெச்சுக்கலாம்" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்ல சிஸ்டர், மூணாவது பக்கத்துல தெளிவா எழுதியிருக்கே, அளந்தவங்களுக்கு எதுவும் தெரியாதுன்னு. நீங்க போட்டதுதான் சரி."

"அப்ப நீ ஏன் இல்லன்னு போட்ட?"

"பாக்காம விட்டுட்டேன்."

"இப்ப எதுவும் பாக்காமலே மூணாவது பக்கம்னு சொன்னியே?"

அவள் அவசரமாக அடுத்த கட்டத்துக்குத் தாவினாள். சிஸ்டர் துருவிக் கேட்கவில்லை. "எனக்குத்தான் ஒண்ணும் பிடிபடல" என்று மட்டும் சொன்னார். அன்று பதினெட்டு நிமிஷத்தில் பேச்சு முடிந்தது.

அடுத்த வாரம் அவள் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினாள். அதைப் பற்றிப் பேசி முடித்ததும் சிஸ்டர், "லைப்ரரி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த மாசத்தோட நான் நின்னுக்கறேன். டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

"ஏன் சிஸ்டர்?"

"முடியலம்மா. ஒரு தடவை படிச்சு எழுதிட்டு, மறுபடி காலங்காத்தால எந்திரிச்சு முதல்லேந்து படிக்கறேன். அப்பயும் எனக்கு நான் எழுதினதுதான் சரின்னு படுது. அப்புறம் பாத்தா நீ வேற எழுதியிருக்க. முன்னாடி இப்படி இல்லியே. நீ படிச்ச பொண்ணு, சின்ன வயசு. யாருக்குக் கொழம்புதுன்னு தெரியாதா? எங்க அம்மாவுக்கும் இப்படித்தான், அறுபத்தஞ்சுல ஆரம்பிச்சுது. பையன் கூட்டிட்டுப் போயி தலைக்கு என்னென்னமோ டெஸ்ட் எல்லாம் எடுத்துட்டான்."

மெஷின் நின்றுவிட்டிருந்தது. அந்தப் பக்கம் இவ்வளவு அமைதியை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. சொல்லிவிட வேண்டும் என்று நாக்கின் நுனிவரை வந்தது. "உடம்பப் பாத்துக்கோங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

புதன்கிழமை முழுக்க அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி அழித்தாள். சிஸ்டரின் எண்ணுக்கு ஒரு செய்தி எழுதி அழித்தாள். தான் மாற்றிய கட்டங்களை ஒரு தாளில் எழுத ஆரம்பித்தாள். ஒன்றுகூட மறந்திருக்கவில்லை. எந்த வாரம், எந்த ஆய்வு, எந்தக் கேள்வி, உண்மையான பதில் என்ன என்று வரிசையாக வந்தது. மொத்தம் முப்பத்தொன்று. அதில் இரண்டைச் சிஸ்டர் விட்டுக்கொடுத்து, தப்பான பதிலே பதிவாகியிருந்தது. அதையும் அவள் அறிந்தேதான் இருந்திருக்கிறாள். பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் ஒத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்குப் போன் போட்டாள். நேரங்கெட்ட நேரத்தில் அவள் எண்ணைப் பார்த்த சிஸ்டர், "என்ன, எதையாவது தப்பா அனுப்பிட்டேனா?" என்றார்.

"இல்ல சிஸ்டர். உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க எழுதினதெல்லாம் சரி. மஞ்சளா வந்ததெல்லாம் நான் வேணும்னே மாத்திப் போட்டது."

"வேணும்னேன்னா?"

"சரியான பதில் தெரிஞ்சே தப்பா போட்டேன். எட்டு வாரமா."

எங்கோ ஒரு கதவு அடித்துக்கொண்டது.

"எதுக்கு?"

காரணத்தைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அது இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று வாயால் சொல்லும்வரை தெரியவில்லை. "வேறுபாடே இல்லன்னா செவ்வாய்க்கிழமை பேச வேண்டாம்னு டாக்டர் எழுதியிருந்தார். அதான்."

"பேசணும்னா ஒரு போன் போட வேண்டியதுதானே?"

"என்ன சொல்லிப் போடறது சிஸ்டர்?"

சிஸ்டர் பேச ஆரம்பித்தபோது குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "டெஸ்ட் எடுத்த டாக்டர் பொண்ணுக்கு என் மருமக வயசுகூட இருக்காது. ஞாபகம் நல்லாருக்கான்னு பாக்க கையில பென்சிலக் குடுத்து, கடிகாரம் வரைங்கம்மா, பதினொண்ணு பத்து காட்டுங்கன்னா. நான் எத்தனை பேரை அப்படி வரையச் சொல்லியிருப்பேன்! எனக்கே எந்த முள்ளு பெருசுன்னு ஒரு நிமிஷம் நிஜமாவே மறந்துபோச்சு. பையன் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருக்கான். அன்னிலேந்து என்னை அடுப்புப் பத்த வைக்க விடறதில்ல. பிள்ளைங்களோட தனியா விடறதில்ல. மருமக ஒண்ணும் சொல்ல மாட்டா, நான் தூக்கினா மெதுவா வந்து வாங்கிக்குவா."

"சிஸ்டர்…"

"உனக்குப் பேச ஆள் இல்ல. சரி. எனக்கு அந்த ஒரு மணி நேரம் என்னன்னு தெரியுமா? வேலை. ரெண்டு பிள்ளைங்கள யார்கிட்டயாவது ஒப்படைச்சுட்டு, மெஷின் பக்கத்துல முதுகு வலிக்க உக்காந்து செஞ்ச வேலை. ஒழுங்கா செய்யறேன்னு ஒரு பெருமை இருந்துச்சு. டாக்டர்கிட்ட நீயே சொல்லிடு. நான் சொல்ல மாட்டேன்."

இணைப்பு அறுந்தது.

அன்று மாலையே பட்டியலை அனுப்பிவிட்டு அவள் விஷயத்தைச் சொன்னபோது டாக்டர் திட்டவில்லை. திரையில் அவர் முகத்தில் ஈயாடவில்லை. பட்டியலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இந்த முப்பத்தொண்ண மட்டும் திருத்தினா போதாதும்மா. மிச்சத்த நான் எதை வெச்சு நம்பறது?" என்றார். அவள் போட்ட இரண்டாயிரத்துச் சொச்சம் பதில்களும் நீக்கப்பட்டன. எல்லாவற்றையும் முதலிலிருந்து எடைபோட வேறொருவரைப் போட்டார்கள். அவளை அடியோடு அனுப்பிவிடாமல், ஆய்வுகளைத் தேடி எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு மாற்றினார் டாக்டர். யாரோடும் ஒத்துப்போக வேண்டிய அவசியமில்லாத வேலை. "சிஸ்டர் திரும்ப வர்றேன்னு சொல்லிட்டாங்க" என்று கடைசியில் சொன்னார். அது தனக்காகச் சொல்லப்பட்ட ஆறுதலா, குத்தலா என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டுமில்லாமல் வெறும் தகவலாகவும் இருக்கலாம்.

அதற்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமைகளில் அவள் மூன்றரைக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாள். புதிய ஆளோடு சிஸ்டர் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஆற்றுப் பாலம் வரை நடந்தாள். திரும்பும் வழியில் சலவைக் கடை ஒன்று இருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் எட்டு மெஷின்கள் சுழன்றுகொண்டிருந்தன. ஒருநாள் அவள் அங்கே நின்றுவிட்டாள். உள்ளேயிருந்த பெண் கதவைத் திறந்து, "துணி வாங்கணுமா?" என்றாள். "இல்ல, சும்மாதான்" என்றாள் இவள். அந்தப் பெண் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. "வெயிலா இருக்கு, உள்ள வந்து நில்லுங்க" என்றாள். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். மின்சாரம் அடிக்கடி போவதைப் பற்றி இருவரும் நாலு வார்த்தை பேசினார்கள்.

ஒரு சனிக்கிழமை முற்பகல். வேலை எதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்டு சிஸ்டருக்கு ஏற்கெனவே எழுதி அனுப்பிய நீளமான கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் வரவில்லை. இனிமேல் வரும் என்றும் அவள் எதிர்பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தவள், துணியைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள். என்ன சொல்வது என்று யோசிக்காமலே எண்ணை அழுத்தினாள். அழுத்திய பிறகு யோசித்தால் வைத்துவிடுவோம் என்று பயந்து, அறைக்குள் நடக்க ஆரம்பித்தாள்.

மணி ஆறு தடவை அடித்தது. எடுத்தார்கள். ஆனால் யாரும் பேசவில்லை. காதோடு ஒட்டினாற்போல் சின்ன மூச்சு ஒன்று, மூக்கடைத்த மூச்சு, ஏறி இறங்கியது. பிறகு போன் நகர ஆரம்பித்தது. வெறுங்கால் தரையில் தட்தட்டென்று ஓடியது. ஒரு அறையில் தொலைக்காட்சி; அதைத் தாண்டியதும் யாரோ ஒரு ஆண் எதையோ தேடிக்கொண்டு இழுப்பறையைத் திறந்து மூடும் சத்தம். ஒரு திரைச்சீலை போனின் மேல் உரசிப் போயிற்று. பாத்திரங்கள் கழுவும் ஓசை தூரத்தில் தொடங்கி மெல்லப் பெரிதாயிற்று. தான் ஒருநாளும் பார்த்திராத அந்த வீட்டுக்குள் அவள் ஒரு குழந்தையின் கையில் அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"யாருடி போன்ல?" சிஸ்டரின் குரல்தான், இன்னும் கொஞ்சம் தள்ளி.

"தெரில. பேசவே மாட்டேங்குது."

தண்ணீர் நின்றது. ஈரக் கையைத் துணியில் முன்னும் பின்னுமாக, ஆற அமரத் துடைக்கும் சத்தம் கேட்டது. அவள் அறையின் நடுவில் நின்றுவிட்டிருந்தாள். போன் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது.